சாமி கண்ணைக் குத்தாவிட்டாலும்

தப்பு செய்தால் சாமி கண்ணைக் குத்தும். தமிழ் வீடுகளில் குழந்தைக்குச் சொல்லப்படும் முதல் ஒழுக்கப் பாடம் பெரும்பாலும் இதுதான். பொய் சொன்னால், தம்பியின் பங்கை எடுத்துத் தின்றால், பாட்டியை எதிர்த்துப் பேசினால், எல்லாவற்றுக்கும் ஒரே தண்டனை. சின்ன வாக்கியம்தான், ஆனால் அதற்குள் ஒரு முழுக் கொள்கை இருக்கிறது. மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், கணக்கு வைக்கிறார், ஒருநாள் தண்டிப்பார். அந்தப் பயம் விட்டுப்போனால் மனிதன் எதற்கும் துணிந்துவிடுவான் என்பது அந்தக் கொள்கை. முதியவரை ஏமாற்றிச் சொத்தை எழுதி வாங்கிய செய்தியைப் படித்துவிட்டு, "கடவுள் பயமே இல்லாமப் போச்சு" என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வதும் அதன் தொடர்ச்சியே.

இன்னொரு வாக்கியமும் புழக்கத்தில் இருக்கிறது. "கோயில் குளம்னு போகமாட்டார், ஆனாலும் தங்கமான மனுஷன்." பாராட்டுத்தான். ஆனால் அந்த 'ஆனாலும்' யோசிக்கவைக்கிறது. சாமி கும்பிடாதவர் நல்லவராக இருப்பது எதிர்பாராத ஒன்று என்ற எண்ணம் அந்த ஒரு சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த எண்ணம் எவ்வளவு பரவலானது என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 34 நாடுகளில் கருத்துக் கேட்டு 2020இல் முடிவுகளை வெளியிட்டது. நல்லொழுக்கத்தோடு வாழக் கடவுள் நம்பிக்கை அவசியம் என்றவர்கள் இந்தியாவில் 79 சதவீதம்; இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் 96; ஸ்வீடனில் வெறும் 9. இந்தியா உட்பட 13 நாடுகளில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் நுட்பமானது. கொடுமைகள் பல செய்த ஒருவனை விவரித்து, அவன் நம்பிக்கையாளனா, நம்பிக்கையற்றவனா, எதற்கு வாய்ப்பு அதிகம் என்று மறைமுகமாகக் கேட்டார்கள். பெரும்பாலோர் மனம் நாத்திகன் பக்கமே சாய்ந்தது. அப்படிச் சாய்ந்தவர்களில் நாத்திகர்களும் இருந்தார்கள் என்பதுதான் வியப்பு. நம்பிக்கையை விட்டவருக்கும் அந்தப் பழைய சந்தேகம் விடவில்லை.

கேள்வி ஒன்றுபோலத் தோன்றினாலும் உண்மையில் அது இரண்டு. கடவுள் இல்லையென்றால் நன்மை, தீமை என்ற வேறுபாட்டுக்கே பொருள் உண்டா என்பது ஒன்று. கடவுளை நம்பாதவர் நல்லவராக நடந்துகொள்கிறாரா என்பது மற்றொன்று. முதலாவது தத்துவக் கேள்வி. பிளேட்டோவின் யூத்திஃப்ரோ உரையாடலில் சாக்ரட்டீஸ் அதை எழுப்புகிறார்: தேவர்கள் விரும்புவதால் ஒரு செயல் நல்லதாகிறதா, நல்லது என்பதால் தேவர்கள் அதை விரும்புகிறார்களா? நல்லது என்பதால்தான் விரும்புகிறார்கள் என்றால், நன்மைக்குத் தேவர்களைத் தவிர வேறோர் அளவுகோல் இருக்கிறது என்றாகிவிடும். இந்த விவாதம் இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளாக ஓயவில்லை. இரண்டாவது கேள்வி அப்படியல்ல. மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தே அதற்குப் பதில் தேடலாம்.

தமிழ் மரபு இந்த இரண்டாவது கேள்வியைப் புதிதாகச் சந்திக்கவில்லை. திருக்குறள் கடவுள் வாழ்த்தோடுதான் தொடங்குகிறது. ஆனால் ஈகை அதிகாரத்துக்கு வரும்போது, மேலுலகமே கிடையாது என்று யாரும் வந்து சொன்னால்கூடக் கொடுப்பதை நிறுத்தவேண்டியதில்லை என்ற நிலையை வள்ளுவர் எடுக்கிறார். ஒப்புரவுக்கு அவர் காட்டும் உவமை மழை. பெய்ததற்கு மழை கூலி கேட்பதில்லை. புறநானூற்றில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், ஆய் என்ற வள்ளலைப் பாடும்போது, இந்தப் பிறவியில் கொடுத்து மறுபிறவியில் வாங்கிக்கொள்ளும் அற வியாபாரி அவன் அல்லன் என்று தனியாக எடுத்துச் சொல்கிறார். இப்படி மறுத்துச் சொல்லவேண்டியிருந்தது என்பதிலிருந்தே, புண்ணியக் கணக்கோடு கொடுப்பவர்கள் அந்தக் காலத்திலும் நிறைய இருந்தார்கள் என்று ஊகிக்கலாம். புலவர் அவர்களைத் திட்டவில்லை. கணக்கில்லாமல் கொடுப்பது அதைவிட உயர்ந்தது என்று வைத்தார், அவ்வளவுதான்.

சமணமும் பௌத்தமும் தமிழகத்தில் செழித்திருந்த நூற்றாண்டுகள் இந்தக் கேள்விக்கு இன்னொரு வெளிச்சம் தருகின்றன. இரண்டுமே உலகைப் படைத்த கடவுளை ஏற்காதவை. கொல்லாமையை அவற்றைப் போல் கடுமையாகக் கடைப்பிடித்த சமயங்கள் குறைவு. உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்ற நான்கு தானங்களையும் சமணர்கள் ஒழுங்காக வகுத்து நடத்தினார்கள். பௌத்தக் காப்பியத்தின் நாயகி மணிமேகலை கையில் அமுதசுரபியோடு சிறைக்குள் நுழைந்து, பிறகு அந்தச் சிறையையே அறச்சாலையாக மாற்றும்படி அரசனிடம் கேட்கிறாள். கடவுள் நம்பிக்கையும் மதமும் ஒன்றல்ல என்பதை இதைக் கொண்டு புரிந்துகொள்ளலாம். ஆனால் வினைப்பயன் என்ற கணக்கு அங்கும் உண்டு என்பதையும் மறைக்க வேண்டாம். பார்ப்பவர் இல்லை, பலன் மட்டும் இருக்கிறது.

வள்ளலார் இந்த வரிசையையே மாற்றிப்போட்டார். கடவுளை நம்புகிறவன் அதன் விளைவாக இரக்கப்படுவான் என்பதல்ல அவர் சொன்னது; சீவகாருண்யமே வழிபாடு, பசித்தவரின் பசியைத் தீர்ப்பதே கடவுளிடம் போகும் வழி என்றார். 1867இல் வடலூரில் அவர் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அவர் வழியில் நின்ற மறைமலையடிகள் சென்னைக் கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியர் பணியிலிருந்து விலகிய பின் பல்லாவரத்தில் குடியேறி, அங்கே சமரச சன்மார்க்க அமைப்பை நிறுவினார். பின்னாளில் அதற்குப் பொதுநிலைக் கழகம் என்று தமிழ்ப் பெயர் வைத்தார். சென்னையின் தென்புறநகரான குரோம்பேட்டைக்கு அடுத்த ரயில் நிலையம்தான் பல்லாவரம். சாதி, மதம் பாராத பொதுநிலை என்ற பேச்சு இந்தப் புறநகருக்கு நூறு ஆண்டுக்கு மேல் பழையது.

நம்பிக்கை இருந்தால் நல்லொழுக்கம் தானாக வந்துவிடும் என்ற வாதத்துக்குத் தென்னிந்திய வரலாற்றில் கடுமையான சோதனை தீண்டாமைதான். 1924இல் கேரளத்தின் வைக்கத்தில் மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு சாராரை நடக்கவிடாமல் தடுத்தவர்கள் பக்தியில் குறைந்தவர்கள் அல்லர். தடுப்பதுதான் தர்மம் என்று மனமார நம்பினார்கள். 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களை அழைத்துக்கொண்டு நுழைந்த வைத்தியநாத ஐயரும் பக்தர்தான். கோயில் தீட்டுப்பட்டுவிட்டது என்று கொதித்தவர்களும் அதே மீனாட்சியைக் கும்பிட்டவர்கள்தான். ஒரே கடவுள், ஒரே சாத்திரம், எதிரெதிரான இரண்டு முடிவுகள். அவர்களைப் பிரித்தது எதிரே நிற்பவனை மனிதனாகப் பார்த்தார்களா இல்லையா என்பது. அந்தப் பார்வையை நம்பிக்கை சிலருக்குத் தந்திருக்கிறது, சிலருக்கு மறைத்தும் இருக்கிறது.

வைக்கத்தில் சிறை சென்ற ஈ.வெ.ரா. பெரியார் அடுத்த ஆண்டே குடி அரசு இதழைத் தொடங்கினார். கடவுளை மறந்து மனிதனை நினைக்கச் சொன்ன அவர், ஒழுக்கத்துக்கு வைத்த அளவுகோல் எளிமையானது: பிறர் தன்னிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டுமென்று ஒருவன் விரும்புகிறானோ அப்படியே அவன் பிறரிடம் நடந்துகொள்வது. இயேசுவும் கன்ஃபூசியஸும் சொன்னதற்கு இது வெகு அருகில் நிற்கிறது. தமிழில் நாத்திகம் பெரியாரோடு தொடங்கியதும் அல்ல. 1880களிலேயே சென்னை இலௌகிக சங்கம் தத்துவ விவேசினி என்ற இதழை நடத்தி, அறிவையும் அனுபவத்தையும் கொண்டே ஒழுக்கத்தை நிறுவலாம் என்று வாதிட்டது. ஆந்திரத்தில் நாத்திகர் கோரா காந்தியடிகளோடு நேரில் விவாதித்து, தீண்டாமை ஒழிப்பில் அவரோடு வேலையும் செய்தார். 'கடவுளே உண்மை' என்று சொல்லிவந்த காந்தி, 'உண்மையே கடவுள்' என்று சொல்லத் தொடங்கியிருந்தார். அந்த மாற்றத்தில் நாத்திகருக்கும் ஓர் இடம் விட்டுவைத்தார்.

நம்பிக்கையின்மையை நல்லொழுக்கத்துக்கு உத்தரவாதமாகக் காட்டுவதும் தவறு. ஸ்டாலினின் சோவியத் ஒன்றியமும் போல்பாட்டின் கம்போடியாவும் மதத்தை ஒடுக்கிய அரசுகள். அங்கே மாண்ட லட்சக்கணக்கானவர்களுக்கு நாத்திகம் எந்தப் பாதுகாப்பும் தரவில்லை.

சட்டம் இந்தக் கேள்வியை நீண்ட காலம் வேறுவிதமாகப் பார்த்தது. 1689இல் மதச் சகிப்புக்காக வாதாடிய ஜான் லாக்கே, நாத்திகரை மட்டும் சகிக்க முடியாது என்றார். வாக்குறுதியும் சத்தியமும் கடவுளை நம்பாதவனைக் கட்டுப்படுத்தாது என்பது அவர் காரணம். ஏறக்குறைய இருநூறு ஆண்டு கழித்து இங்கிலாந்தில் நாத்திகர் சார்லஸ் பிராட்லா, 1880இல் தேர்தலில் வென்றும் சத்தியப்பிரமாணச் சிக்கலால் ஆறு ஆண்டு நாடாளுமன்றத்தில் முறையாக உட்கார முடியாமல் தவித்தார். உறுதிமொழி போதும் என்ற சட்டம் 1888இல் வந்தது. மூன்று ஆண்டு கழித்து அவரை அடக்கம் செய்தபோது, லண்டனில் படித்துக்கொண்டிருந்த இளைஞர் காந்தி அங்கே போயிருந்தார். இந்திய அரசியல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை இரண்டு வாசகங்களையும் சமமாக வைத்திருக்கிறது: கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். 2021 மே 7 அன்று மு.க. ஸ்டாலின் முதலமைச்சராகப் பதவியேற்றது உளமார உறுதி கூறித்தான். நீதிமன்றச் சாட்சிக்கும் 1969ஆம் ஆண்டுச் சட்டம் அதே வசதியைத் தருகிறது. பொய்ச்சாட்சி சொன்னால் தண்டனை இருவருக்கும் ஒன்றே.

கண்காணிக்கும் கண் மனிதனைத் திருத்துமா? சென்னைப் புறநகர்ச் சுவர்களில் இதற்கு ஓர் எளிய சோதனை தினமும் நடக்கிறது. சுவரோரம் அசுத்தம் செய்வதைத் தடுக்க, வீட்டுக்காரர்கள் பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, மெக்கா படம் போட்ட டைல்ஸை முழங்கால் உயரத்தில் வரிசையாகப் பதிக்கிறார்கள். டைல்ஸ் இருக்கும் வரை சுவர் சுத்தமாகவே இருக்கிறது. டைல்ஸ் முடிந்து பத்தடி தள்ளி, மின்மாற்றிப் பெட்டிக்குப் பின்னால், பழைய நாற்றம். பயம் வேலை செய்யும், ஆனால் படம் எட்டும் தூரம் வரைதான். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில், தேநீர் எடுத்துக்கொண்டு உண்டியலில் தாங்களே காசு போடும் இடத்துக்கு மேலே ஒரு வாரம் பூப் படமும் மறுவாரம் கண்களின் படமும் ஒட்டிப் பார்த்தார்கள். கண் படம் இருந்த வாரங்களில் சேர்ந்த பணம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2006இல் எழுதினார்கள். பின்னாளில் செய்த சோதனைகள் எல்லாம் அதே அளவுக்கு ஒத்துவரவில்லை. சென்னைக் காவல்துறை கண்காணிப்புக் கேமராத் திட்டத்துக்கு 'மூன்றாவது கண்' என்று பெயர் வைத்ததில் சிவனின் நெற்றிக்கண் வந்து உட்கார்ந்துகொண்டது. அரா நோரென்சயன் போன்ற உளவியலாளர்கள், எல்லாவற்றையும் பார்க்கும் கடவுள் என்ற கருத்துதான் முன்பின் தெரியாதவர்கள் கூடி வாழும் பெரிய சமூகங்கள் உருவாக உதவியது என்கிறார்கள். வரலாற்றாளர்கள் சிலர் இதை மறுக்கிறார்கள். நோரென்சயன் சொல்வது உண்மையே என்றாலும், ஏணியில் ஏறி மாடிக்குப் போன பிறகும் மாடியை ஏணிதான் தாங்குகிறது என்று ஆகிவிடாது. காவல், நீதிமன்றம், பதிவேடு என்று வேறு தூண்கள் வந்துவிட்டன.

ஆனால் கேமராவும் டைல்ஸும் கெட்டதைத் தடுக்கும் வேலையைத்தான் செய்கின்றன. அன்பாக நடந்துகொள்வது வேறு விஷயம். விழுந்தவரைத் தூக்கிவிடவில்லை என்று எந்தக் கேமராவும் யாரையும் பிடிப்பதில்லை.

இந்த இடத்தில் 1973இல் வெளியான ஓர் ஆய்வை விரிவாகச் சொல்ல வேண்டும். ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இருவர் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் பயிலும் மாணவர்களை அழைத்தார்கள். பாதிப் பேருக்கு, அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதையைப் பற்றிப் பேசும் பணி. மீதிப் பேருக்கு வேறு தலைப்பு. பேசவேண்டிய இடம் பக்கத்துக் கட்டடம். போகும் வழியில் ஓர் ஆள் சுருண்டு உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பான். சிலரிடம் 'ஏற்கெனவே தாமதம், ஓடுங்கள்' என்றும், சிலரிடம் 'சரியான நேரம்தான்' என்றும், சிலரிடம் 'இன்னும் நேரம் இருக்கிறது' என்றும் சொல்லி அனுப்பினார்கள். நேரம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள், இடைப்பட்டவர்களில் 45, அவசரத்தில் இருந்தவர்களில் 10. சமாரியன் கதையை மனத்தில் சுமந்து சென்றது பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை. ஒருவர் எவ்வளவு பக்திமான் என்பதை வைத்து அவர் நிற்பாரா என்று கணிக்கவும் முடியவில்லை. கலந்துகொண்டவர்கள் 40 பேர்தான், சிறிய சோதனை. ஆனாலும் அது சொல்வதைக் குரோம்பேட்டை ரயில் நிலையப் படிக்கட்டில் எந்தக் காலையிலும் பார்க்கலாம். எட்டரை மணி வண்டிக்கு ஓடுகிற கூட்டத்தில் ஒரு பெரியவர் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டால், திருநீறு பூசியவரும் பூசாதவரும் ஒரு கணம் தயங்கித் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடுகிறார்கள். கூடையைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து வருவது பூ விற்கும் அம்மா. சோடா வாங்கிவருவது ஆட்டோ ஸ்டாண்டில் நிற்பவர். அவர்களுக்கும் வேலை இருக்கிறது, ஆனால் அவர்கள் வேலை செய்யும் இடம் அதுதான்.

ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் விபத்து நடந்தால் நின்று உதவாமல் போகிறவர்கள் கல்மனக்காரர்கள் அல்லர். போலீஸ் ஸ்டேஷன், கோர்ட், சாட்சி என்று அலையவேண்டிவருமே என்ற பயம்தான். 2016இல் உச்ச நீதிமன்றம் உதவுபவர்களுக்குப் பாதுகாப்பு விதிகளை உறுதிசெய்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அது சேர்ந்தது. பெயர், முகவரி கூடச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. நூறு உபதேசம் செய்யாததை இத்தகைய ஒரு விதி செய்யும். உள்ளே ஏற்கெனவே இருக்கும் இரக்கத்துக்கு அது வழிவிடுகிறது.

அப்படி இரக்கம் உள்ளே ஏற்கெனவே இருக்கிறதா? ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டோமசெல்லோவும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்றரை வயதுக் குழந்தைகள் 24 பேர். துணி உலர்த்தும் ஒருவர் கிளிப்பைத் தவறவிட்டு எட்டாமல் தவிக்கிறார். கை நிறையப் பொருளோடு ஒருவர் அலமாரிக் கதவில் முட்டிக்கொண்டு நிற்கிறார். யாரும் கேட்காமலேயே, பரிசு எதுவும் இல்லாமல், 22 குழந்தைகள் ஒருமுறையாவது உதவிக்கு வந்தார்கள். சாமி கண்ணைக் குத்தும் என்பது புரியாத வயது. வளர்ப்பைப் பற்றி ஆராய்ந்த மார்ட்டின் ஹாஃப்மன், மிரட்டித் திருத்துவதைவிட 'நீ தள்ளினதாலதான் அவனுக்கு அடிபட்டு வலிக்குது' என்று காரணம் காட்டுவதே மனசாட்சியை வளர்க்கிறது என்று கண்டார்.

பெரியவர்களைப் பற்றி 2014இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு தெளிவானது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,252 பேரின் கைபேசிக்கு நாளுக்கு ஐந்து முறை செய்தி அனுப்பி, அந்த மணி நேரத்தில் தாங்கள் செய்த, கண்ட நல்லதையும் கெட்டதையும் எழுதச் சொன்னார்கள். நம்பிக்கையாளரும் நம்பாதவரும் நல்லது செய்த அளவில் வித்தியாசம் இல்லை. தவறு செய்த அளவிலும் இல்லை. ஒரு வேறுபாடு மட்டும் இருந்தது: நல்லது செய்தபோது நிறைவும், தவறியபோது குற்ற உணர்வும் நம்பிக்கையாளருக்கு அதிகம். 2015இல் மதச் சூழலில் வளர்ந்த குழந்தைகள் குறைவாகவே பகிர்கிறார்கள் என்று ஓர் ஆய்வு வந்து உலகெங்கும் தலைப்புச் செய்தி ஆயிற்று. தரவுகளைக் கணக்கிட்டதில் பிழை இருந்தது தெரிந்து 2019இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். தங்களுக்குப் பிடித்த முடிவு கிடைத்ததும் நாத்திகர்களும் சரிபார்க்காமல் கொண்டாடினார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் வழிபாட்டுக்குத் தவறாமல் போகிறவர்கள் கூடுதலாக நன்கொடை தருகிறார்கள், தொண்டு செய்கிறார்கள் என்பதும் உண்மை. ராபர்ட் பட்னமும் டேவிட் கேம்பெல்லும் 2010இல் எழுதிய நூலில் அதன் காரணத்தைத் தேடினார்கள். எதை நம்புகிறார்கள் என்பது முக்கியமாக இல்லை. அங்கே எத்தனை நண்பர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் முக்கியமாக இருந்தது. தெரிந்தவர் வந்து 'நாளைக்கு நீயும் வாயேன்' என்று கேட்கிறார், போகிறார்கள்.

2015 டிசம்பர் 1 இரவு பெய்த மழையில் இதையெல்லாம் தென்சென்னைப் புறநகர் கண்ணால் கண்டது. 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 செ.மீ. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் அடையாறு கரை தாண்டி வீடுகளுக்குள் ஏறியது. தரைத்தளம் மூழ்க, குழந்தைகளையும் முதியவர்களையும் தூக்கிக்கொண்டு மக்கள் மொட்டைமாடியில் நின்றார்கள். மின்சாரம் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை, விமான நிலையம் மூடப்பட்டுவிட்டது. ராணுவமும் பேரிடர் மீட்புப் படையும் வந்தன. மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பள்ளிவாசல், சர்ச், கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம், எது மேட்டில் இருந்ததோ அது தங்குமிடம் ஆயிற்று. நகரில் முஸ்லிம் அமைப்புகளின் தொண்டர்கள் சேறு படிந்த கோயில்களையும் கழுவிவிட்டார்கள். எந்த அமைப்பிலும் சேராத ஐ.டி. ஊழியர்களும் கல்லூரி மாணவர்களும் முகநூலில் ஒருவரையொருவர் கண்டுபிடித்து, பொட்டலம் கட்டி, இடுப்பளவு தண்ணீரில் தலையில் சுமந்துபோனார்கள். புளிசாதப் பொட்டலத்தை நீட்டியவர் கும்பிடுகிற சாமி எது, ஏதாவது கும்பிடுகிறாரா என்று வாங்கியவர் கேட்கவில்லை. அதே நாட்களில் பாலை நூறு ரூபாய்க்கு விற்றவர்களும் இருந்தார்கள்.

ஆனால் முதல் நாள் காலையிலேயே ஆயிரம் பேருக்குச் சமைக்க முடிந்தவர்கள் யார் என்று பார்த்தால் ஒன்று தெரியும். அண்டாவும் அடுப்பும் கரண்டியும் சமைக்கத் தெரிந்த ஆட்களும் ஏற்கெனவே இருந்த இடங்கள்தான் முந்திக்கொண்டன. பள்ளிவாசலில் அது நோன்புக் கஞ்சிக்கு வாங்கிய பாத்திரம், சீக்கியரின் குருத்வாராவில் லங்கர் என்ற பொதுச் சமையல், கோயிலில் அன்னதானம். ரமலானில் மாலை ஐந்து மணிக்குப் பல்லாவரம், தாம்பரம் பக்கத்துப் பள்ளிவாசல்களில் தூக்குவாளியோடு நிற்கும் வரிசையில் பொட்டு வைத்த பெண்களும் உண்டு. காய்ச்சல் வந்த பிள்ளைக்கு அந்தக் கஞ்சி நல்லது என்பார்கள். கோயில் அன்னதானத் திட்டம் 2002இல் தொடங்கியது. மதத்தின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. இரக்கத்தை அது கண்டுபிடிக்கவில்லை; ஆனால் அதற்கு ஒரு கிழமை, ஒரு நேரம், ஒரு பாத்திரம், ஒரு முறை என்று வைத்து நடத்தக் கற்றுவைத்திருக்கிறது. நம்பாதவர்களிடம் பெரும்பாலும் இல்லாதது இரக்கம் அல்ல, இந்த ஏற்பாடு. பள்ளி மதிய உணவும், 2013இல் வந்த அம்மா உணவகத்தின் ஒரு ரூபாய் இட்லியும் அதே ஏற்பாட்டை வரிப்பணத்தில், சாமி பெயர் இல்லாமல் செய்கின்றன. ஸ்வீடனில் 9 சதவீதம் என்ற எண்ணுக்குப் பின்னாலும் அரசே முதியோரையும் நோயாளியையும் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு இருக்கிறது. அங்கே நம்பிக்கை குறைந்ததால் நலம் வந்ததா, நலம் வந்ததால் நம்பிக்கை குறைந்ததா என்று கேட்டால், இரண்டாவதே சரி என்கிறார்கள் பிப்பா நாரிசும் ரொனால்டு இங்கிள்ஹார்ட்டும்.

அப்படியோர் ஏற்பாடு இங்கேயும் உண்டு. குரோம்பேட்டைக்கு மறுபக்கம் அடுத்த ரயில் நிறுத்தம் தாம்பரம் சானடோரியம். டாக்டர் சௌரி முத்து 1928இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சிகிச்சை நிலையத்தின் பெயர்தான் அந்த நிறுத்தத்தின் பெயர். 1937இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் குழுவால் கண்டறியப்பட்டபோது, அதை நோயாகப் பார்க்காமல் பாவத்தின் சம்பளமாகப் பார்த்தவர்கள் ஏராளம். சொந்த வீட்டில் தட்டைத் தனியாக வைத்தார்கள். பல மருத்துவமனைகள் வாசலிலேயே திருப்பி அனுப்பின. சானடோரியம் 1993 முதல் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. ஆந்திரத்திலிருந்தும் ரயிலேறி வந்தார்கள். கூட்டுமருந்து சிகிச்சையை மத்திய அரசு 2004 ஏப்ரலில் இலவசமாகத் தரத் தொடங்கியபோது முதல் எட்டு மையங்களில் இதுவும் ஒன்று. அங்கே புண்ணைத் துடைத்துக் கட்டிய செவிலியர்களில் சிலுவை அணிந்தவர், தாலியில் மஞ்சள் பூசியவர், முக்காடு போட்டவர் எல்லோரும் உண்டு. அவர்களில் ஒருவர் அதை இறைப்பணி என்று செய்திருக்கலாம், மற்றவர் வாங்கும் சம்பளத்துக்கு வேலை என்று செய்திருக்கலாம். படுக்கையில் கிடந்தவருக்கு இரண்டு கைகளும் ஒன்றுபோலவே இருந்திருக்கும்.

கொடுப்பவருக்கு எந்தப் பலனும் திரும்பி வராத கொடை ஒன்று உண்டென்றால் அது மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகள். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதி, விபத்தில் சிக்கிய தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் செய்தபோது தமிழகமே அதைப் பற்றிப் பேசியது. அடுத்த சில வாரங்களில் மாநில அரசின் உறுப்பு மாற்றுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, அழுது ஓய்ந்த குடும்பத்திடம் ஆலோசகர் மெதுவாகக் கேட்கிறார். 'புண்ணியமாப் போகட்டும்' என்று சம்மதிப்பவர்கள் உண்டு. 'எரிக்கப்போறதுதானே, யாராவது பிழைக்கட்டும்' என்று சம்மதிப்பவர்களும் உண்டு. உடல் முழுதாகப் போக வேண்டும் என்ற நம்பிக்கையால் மறுப்பவர்களும் இருக்கிறார்கள். எடுத்த உறுப்பு யாருக்குப் போகும் என்பதை இரத்தப் பிரிவும் காத்திருப்புப் பட்டியலும் முடிவுசெய்கின்றன. மதத்துக்கு அதில் இடமில்லை. 2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதலமைச்சர் அறிவித்தார். அன்றிலிருந்து கிராமத்துத் தெருவுக்கும் அரசு அதிகாரி மலர்வளையத்தோடு வருகிறார். அவர் மரியாதை செலுத்திவிட்டு விலகிக்கொண்டதும், குடும்பத்தார் தங்கள் வழக்கப்படி ஆகவேண்டியதைச் செய்கிறார்கள்.